முன்னோர் பெயரைத் தேடும் முறை

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டங்களில் உழவே தொழிலாக வாழ்ந்தவை நம் குடும்பங்கள். தொழில் நிமித்தம் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் குடியேறியோரின் மக்களுக்குப் பாட்டனார்க்கு முந்தையோர் பெயர் தெரிவது அரிதாகி வருகிறது. அப்பெயர்களை மீட்க வழி உண்டு. நிலத்தைப் பற்றிய ஆவணமே நம்மவர்க்குக் குடிவழி ஏடு ஆகும்.

முதற்கண், வீட்டிலுள்ள பழைய பட்டா, கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றைத் திரட்டுக. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தந்தை, மைந்தர், அவரவர் பங்கு ஆகியவை முறைப்பட அமைந்திருக்கும். எனினும் தமிழ்நாட்டில் மகளிர்க்குச் சமபங்கு அளித்த 1989ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முற்பட்ட பத்திரங்கள் பலவற்றில் பெண்மக்கள் பெயர் இராது. அதனை முதியோரிடமே கேட்டறிதல் வேண்டும்.

அடுத்து, ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை ஆண்டு வாரியாக அறிக. வந்தவாசி 1989 வரை வட ஆர்க்காட்டிலும், செஞ்சியும் திண்டிவனமும் 1993 வரை தென் ஆர்க்காட்டிலும் இருந்தன. அவை இன்று முறையே திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைச் சேர்ந்தவை. திருப்பெரும்புதூர் 1997 வரை செங்கற்பட்டு மாவட்டம். அதன்பின் காஞ்சிபுரம் மாவட்டம்.

இணையத்தில் தேடுங்கால் இன்றைய மாவட்டப் பெயரையே அளித்தல் வேண்டும். வருவாய்த் துறையின் தளத்தில் பட்டாவும் 'அ' பதிவேடும், பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்றும் கிடைக்கும். 'சிப்காட்' தொழிற்பூங்காவிற்காகக் கையகப்படுத்தப்பட்ட நிலமாயின், இன்றைய பட்டாவில் முன்னோர் பெயர் இராது. பழைய பத்திரங்களையும் அரசிதழில் வெளிவந்த அறிவிக்கைகளையும் நாடுக.

சென்னை எழும்பூரில் 1909இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ அன்றைய மாவட்டப் பெயரைக் கூறியே கேட்டல் வேண்டும். அங்குள்ள நிலவரித்திட்டப் பதிவேடுகளும், 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகளும் பயன் தருவன. கோயில் மானியங்களைப் பற்றிய குறிப்புகளும் இனாம் பதிவேடுகளில் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிந்த தனிநபர் விவரங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி மறைபொருளாதலின், அவற்றை நாடுதல் வீண்.

ஒரே பெயருடையோர் ஓர் ஊரில் பலர் இருப்பர். தந்தை பெயர், புல எண், ஆண்டு ஆகிய மூன்றும் ஒத்துவந்தாலன்றி எதனையும் உறுதி செய்யற்க. கண்டவற்றை எழுதி, குடும்பத்தின் கிளைதோறும் ஒரு படி அளித்திடுக. ஆவணங்கள் காத்திருக்கும், விவரம் அறிந்த முதியோரோ என்றும் நம்முடன் இரார். ஆதலின் அவர்களிடமிருந்தே இப்பணியைத் தொடங்குவோமாக.