இதயநோயும் படைப்பணியும்: சான்று திரட்டுவது எவ்வாறு?

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்து மதராஸ் பொறியாளர் படையின் மையம் இருக்கிறது. அப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர் பலர். அவர்களுள் ஒருவர் இதயநோய்க்காக உடல் ஊன ஓய்வூதியம் கோருகிறார் என்று கொள்வோம். பெரும்பாலும் அவர் கொண்டுவருவது அண்மையில் பெற்ற மருத்துவமனைச் சான்றிதழ்களின் கட்டு. நோய் இருப்பதை எவரும் மறுக்கவில்லை. அது படைப்பணியால் விளைந்ததா, அல்லது பணியால் முற்றியதா என்பதே வினா. அதற்கு அக்கட்டில் விடை இராது.

கால் முறிந்தால் நாளும் இடமும் தெரியும். இதயத் தமனி நோயோ ஓசையின்றிப் பல்லாண்டு வளர்வது. புகைப்பழக்கம், பரம்பரை, உடற்பருமன் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே, 'பணிக்குத் தொடர்பில்லை' என்று மருத்துவக் குழு ஒரு வரியில் எழுதிவிடுதல் எளிது. படை மருத்துவர்களுக்கான 2008-ஆம் ஆண்டு வழிகாட்டி, நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாள்களின் பணியை ஆராயச் சொல்கிறது. கோரிக்கையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. அந்நாள்களில் அவர் மலைமுகட்டுக் காவலில் இருந்தாரா, இரவுப்பணி எத்தனை, கடும் உழைப்பு எது என்பதைக் கட்டளை அதிகாரியின் அறிக்கையும் பணிப்பட்டியலும் காட்ட வேண்டும். படை மருத்துவமனையில் சேர்ந்த அன்று, வலி தொடங்கியபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்று மருத்துவர் எழுதிய குறிப்பு, பின்னாளில் பெறும் பத்துச் சான்றிதழ்களைவிட வலியது என்பது என் கருத்து.

சேர்க்கையின்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாளும் தேவை. அதில் குறை எதுவும் பதியப்படவில்லையெனில், நல்ல உடல்நிலையுடன் சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. இத்தாள்களைப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திடம், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். படை எண், பிரிவு, மருத்துவமனையில் இருந்த நாள்கள் ஆகியவற்றைக் குறிப்பிடாத விண்ணப்பம் வீணே அலையும். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் விலகியோருக்குப் புதிய விதிகள் உண்டு. அவர்கள் அவற்றையே பார்க்க வேண்டும்.

பொருளியல் கணக்கும் சிறிது பார்ப்போம். முழு ஊனத்திற்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு ஊனக்கூறாகக் கிடைக்கும். ஊனம் 20 விழுக்காட்டிற்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. 30 விழுக்காடு ஊனம் 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்படும். பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றோருக்கும் இவ்வுயர்வு பொருந்தும் என்பது ராம் அவதார் வழக்கின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஊதியம் ரூ.40,000 எனில் மாதம் ரூ.6,000 ஆகிறது. காலம் தாழ்த்தி வழக்குத் தொடுத்தால், தர்சேம் சிங் வழக்கின் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி நிலுவை பொதுவாக மூன்றாண்டுக்கே கிடைக்கும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் ஆறு மாதத்திற்குள் முதல் மேல்முறையீடு, பின்னர் இரண்டாவது. அதற்கும் அப்பால் படைத்துறைத் தீர்ப்பாயம். கர்நாடகம் அதன் கொச்சி அமர்வின்கீழ் வருகிறது. உடன் பணியாற்றியவர்களின் வாக்குமூலங்களை, அவர்கள் நினைவு மங்குமுன், முதல் மேல்முறையீட்டிலேயே இணைத்துவிடுவது நன்று.