கணக்கு வரலையா, கணக்கை வாசிக்க வரலையா?

தங்கச்சி, உன் மகன் வாக்கியக் கணக்குல கோட்டை விடுறான்னு கவலைப்பட்டியே, முதல்ல ஒண்ணு செஞ்சு பாரு. அவன் தப்பு விட்ட கணக்கை நீயே நிறுத்தி நிதானமா வாசிச்சுச் சொல்லு. 'ஒரு கிலோ மல்லி 600 ரூபா. கால் கிலோ எவ்வளவு?' புத்தகத்தைப் பார்த்து முழிச்சவன், காதுல கேட்டதும் 150-னு பட்டுனு சொல்லுறானா? அப்ப கணக்கு அவனுக்கு நல்லாவே வருது. வாசிப்புலதான் சிக்குது. நம்ம மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் லீவு நாள்ல அம்மாவுக்கு ஒத்தாசையா நின்னு, மிச்சக் காசைப் பிசகாம எண்ணிக் கொடுக்கிற பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். அதுலயும் சிலதுக்குப் பரீட்சைப் பேப்பரைக் கண்டா கை நடுங்கும்.

இப்படிப்பட்ட பிள்ளையை இன்னொரு கணக்கு டியூஷன்ல சேர்த்தா காசுதான் கரையும். தினம் பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து நீ ஒரு வரி, அவன் ஒரு வரின்னு வாசிங்க. ஏற்கெனவே தெரிஞ்ச கதையா இருந்தா இன்னும் நல்லது. 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் ரோட்டுலதான இருக்கு, அங்க குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிட்டுப் போ. புத்தகத்தை அவனே எடுக்கட்டும். சின்னப் பிள்ளைங்க படிக்கிறதை எடுத்தான்னு முகம் சுளிக்காத.

நீ வாசிச்சுச் சொன்ன பிறகும் பாதியில 'என்னம்மா கேட்ட?'ன்னு நிக்கிறானா? அது வேற விஷயம். கேட்டதை மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே வேலையும் பார்க்கிற திறமை ஒண்ணு இருக்கு. 1974-ல பேட்லி, ஹிட்ச்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள் இதைப் பத்தி விளக்கமா எழுதினாங்க. இது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். 'பையை வை, கை காலைக் கழுவு, டைரியை எடு, அப்படியே தம்பியையும் கூப்பிடு'ன்னு ஒரே மூச்சுல சொன்னா, அவன் முதலாவதை மட்டும் செஞ்சுட்டு நிப்பான். திமிருன்னு நினைச்சுக் கை ஓங்காத. ரெண்டு ரெண்டாச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லு. கணக்குல ஒவ்வொரு படியையும் சிலேட்டுல எழுதப் பழக்கு. மனக்கணக்காப் போட்டே ஆகணும்னு வம்பு பண்ணாத.

அப்புறம் எழுத்துப்பிழை. நம்ம ஊர்ப் பேச்சுல வாழைப்பழம் 'வாளப்பளம்'தான. பேசுற மாதிரியே எழுதுற பிள்ளைக்குக் காது நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ழகரத்தை உச்சரிச்சுக் காட்டிக் காட்டித்தான் சரி பண்ணணும். ஆனா மூணாங்கிளாஸ் முடியப் போற நேரத்துலயும் ப, ட, ம்னு தனித்தனியாச் சொல்லிட்டு, சேர்த்துப் படம்னு சொல்ல வரலைன்னா சும்மா இருக்காத. முதல்ல கண்ணையும் காதையும் பார்த்துரு. புத்தகத்தைப் பார்த்துச் சரியா எழுதுறவன் போர்டைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு விட்டா, கண்ணாடி போட வேண்டியிருக்கலாம். அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உனக்குத் தெரியாததா.

கைரேகையை வச்சு மூளைத்திறனைச் சொல்லுறோம்னு யாராவது வந்தா ஒத்தப் பைசா கொடுக்காத. அதுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. 'இவன் கண்ணால படிக்கிறவன், அவன் காதால படிக்கிறவன்'னு பிரிச்சுப் பாடம் நடத்தினா நல்லா ஏறும்ங்கிறதுக்கும் போதுமான ஆதாரம் இல்லைன்னு 2008-லயே ஆய்வாளர்கள் அலசிச் சொல்லிட்டாங்க. எந்தப் பிள்ளைக்கும் பலன் தர்றது, புத்தகத்தை மூடி வச்சுட்டுப் படிச்சதைத் தன் வாயால சொல்லிப் பார்க்கிறது. ரெண்டு நாள் விட்டு மறுபடி கேளு.

அரசுப் பள்ளிகள்ல 2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுத்தான் சொல்லிக் கொடுக்கிறாங்க. உன் பிள்ளை எதுல இருக்கான்னு டீச்சர்கிட்ட வெட்கப்படாமக் கேளு. அரும்புன்னா அழாத. அவன் இப்ப நிக்கிற இடம் அது, அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

கண்ணு, காது ரெண்டும் சரியா இருந்து, எட்டு வயசுக்கு மேலயும் வாசிப்பு முட்டுச்சுன்னா, பெரியாஸ்பத்திரியில காட்டி, கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை எங்க பண்ணணும்னு கேளு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இதுவும் சேர்ந்திருக்கு. சான்றிதழ் இருந்தா, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாடத்துல விலக்குன்னு சலுகை கேட்கலாம். மார்ச்சுல பரீட்சைன்னா பிப்ரவரியில ஓடாத. பத்தாவது ஆரம்பிச்ச உடனே ஹெட்மாஸ்டர்கிட்ட விண்ணப்பத்தைக் கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கி பத்திரமா வச்சுக்க.