கம்ப்யூட்டர் வதந்திகளும் கையோடு சோதிக்கும் வழிகளும்



நமது மாணவர் பேரவை ஆண்டு மலரில் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. ஸ்க்ரூ டிரைவர் வரும். ஆகவே ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் நாம் அன்றாடம் கேட்கிற கம்ப்யூட்டர் வதந்திகள் சிலவற்றை எடுத்து, எது சரி, எது தவறு, எப்படிச் சோதிப்பது என்று இங்கே எழுதுகிறேன். பிரிவு எதுவானாலும் எல்லோருக்கும் பயன்படும்.

முதலில் ஒன்று. வதந்தி என்றால் முழுப் பொய் என்று நினைத்துவிடக் கூடாது. நான் விசாரித்துப் பார்த்த வரையில் பெரும்பாலான கம்ப்யூட்டர் வதந்திகள் ஒரு காலத்தில், ஏதோ ஒரு மெஷினுக்கு உண்மையாக இருந்தவைதான். மெஷின் மாறிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை. எனவே யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த மெஷினுக்கு? எந்தக் காலத்துக்கு? செலவில்லாமல் நாமே சோதிக்க முடியுமா?

1. செருப்பும் வைரஸும்

கம்ப்யூட்டர் லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுப் போவது நமக்குப் பழக்கம். ஏன் என்று கேட்டால், "தூசி போனா வைரஸ் வரும்டா" என்று சொல்லும் ஆள் இன்னும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் உண்டு. வைரஸ் என்பது ஒரு புரோகிராம். அது செருப்பில் ஒட்டி வராது. பென்டிரைவில் வரும், தெரியாத ஃபைலைத் திறந்தால் வரும்.

ஆனால் தூசி விஷயம் பொய்யில்லை. பழைய பெரிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவார்கள்; உள்ளே தூசி போனால் ஹெட் உராய்ந்து டிஸ்க் கெட்டது. இன்றைக்குத் தூசியின் வேலை வேறு. ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் அடைத்து, பிராசசரைச் சூடாக்கும். சூடானால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஆகவே செருப்பைக் கழற்றுங்கள், தப்பில்லை. காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

வைரஸ் ஹார்டுவேரைக் கெடுக்குமா என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. 1998-ல் தைவானில் எழுதப்பட்ட சி.ஐ.எச். என்ற வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் ஹார்டு டிஸ்க்கை அழித்தது. சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பிலேயே குப்பையை எழுதிவிட்டது. அந்த போர்டுகள் ஆன் ஆகவே இல்லை. "வைரஸ் மதர்போர்டைத் தின்னுடும்" என்ற பேச்சு அந்த மாதிரிச் சம்பவங்களில் வேர் பிடித்தது.

2. ரிஃப்ரெஷ் என்னும் மந்திரம்

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து நாலைந்து தடவை ரிஃப்ரெஷ் கொடுத்தால்தான் சிலருக்கு வேலையே ஓடும். "ரேம் கிளீன் ஆகுது" என்பார்கள். அது திரையில் உள்ள ஐகான்களைத் திரும்ப வரைகிறது, அவ்வளவுதான்.

சோதனை: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பிறகு இருபது தடவை ரிஃப்ரெஷ் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

உண்மையிலேயே மெஷின் தடுமாறினால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் பல மெஷின்களில் ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் உள்பகுதி டிஸ்க்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை சீக்கிரம் எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

3. "ரேம் கூட்டு, ராக்கெட் மாதிரி ஓடும்"

இதில்தான் நம் பணம் அதிகம் போகிறது. ரேம் பற்றாமல் இருந்தால் கூட்டுவது பலன் தரும். பற்றியும் மெஷின் மெதுவாக இருந்தால் குற்றவாளி வேறு.

ஒரு சின்னக் கணக்கு. பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 60 ஐ 5400 ஆல் வகுத்தால் சுமார் 11 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய தகவல் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். ஹெட் நகரும் நேரம் அதற்கு மேல் தனி. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே இல்லை. மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே தகவல் வந்துவிடும்.

சோதனை: மெஷின் தடுமாறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் தேவை. மெமரி பாதி காலியாக இருந்து, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்.எஸ்.டி. தேவை. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகின்றன. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் அவற்றில் பல எழுந்து உட்காரும்.

ரேம் வாங்குமுன் இன்னொன்று. சிஸ்டம் 32 பிட்டா 64 பிட்டா என்று செட்டிங்ஸில் பாருங்கள். 2-ன் 32 அடுக்கு என்றால் 4 ஜி.பி. முகவரிதான். 32 பிட் விண்டோஸ் போட்ட சாதாரண மெஷினில் 8 ஜி.பி. மாட்டினாலும் பாதிக்கு மேல் வீண்.

"டிஃப்ராக் பண்ணு" என்பதும் இப்படித்தான். சுற்றும் டிஸ்க்குக்கு அது நல்ல மருந்து. எஸ்.எஸ்.டி.க்குத் தேவையே இல்லை. வீணாக எழுதி எழுதி அதன் ஆயுள்தான் தேயும். அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

4. பேட்டரியைப் பட்டினி போடலாமா?

"முழுசா இறக்கி, முழுசா ஏத்து" என்று கடைக்காரர் முதல் மாமா வரை சொல்வார்கள். இது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பாடம். அந்த பேட்டரியைப் பாதியிலேயே ஏற்றி ஏற்றி வந்தால் அதன் கொள்ளளவு குறைவது போல ஆகும். 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் லேப்டாப்பிலும் செல்போனிலும் இருப்பது இந்த ரகம். இதை அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்குவதுதான் கெடுதல்.

எப்போதும் சார்ஜரிலேயே வைத்தால் வெடிக்குமா? நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பில் நிறைந்தவுடன் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். ஆனால் முழுச் சார்ஜில், சூட்டில், நாள் கணக்கில் நின்றால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். பல லேப்டாப்புகளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்றோட்டம் அடைபடும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். டச் பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிப்பக்கம் உப்பினாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

5. "மதர்போர்டு போச்சு!"

ரிப்பேர் உலகத்தில் இதைவிடப் பயமுறுத்தும் வார்த்தை இல்லை. எங்கள் தெருவில் தையல் தைக்கும் அக்கா ஒருவர், கூடவே ஒரு பழைய டெஸ்க்டாப் வைத்து ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார். ஒருநாள் மெஷின் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றது. அழுத்தினால் விண்டோஸ் வரும், ஆனால் ஒரு வெப்சைட்டும் திறக்காது. ஒரு கடையில், "மதர்போர்டு போச்சும்மா, நாலாயிரத்து ஐநூறு ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை எடுக்கலாமா என்று யோசித்தவர், "தம்பி, நீ இதானே படிக்கிற, ஒரு தடவை பாரேன்" என்றார்.

பார்த்தேன். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. லேப் அசிஸ்டெண்ட் அண்ணா சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. மதர்போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று பெயர், 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். மல்டிமீட்டர் வைத்தேன், 2 வோல்ட்கூட முழுசாக இல்லை. வாட்ச் கடையிலிருந்து புதியது வாங்கி மாட்டி, தேதியைச் சரி செய்தேன். எல்லா வெப்சைட்டும் திறந்தது. காரணம் இதுதான்: பாதுகாப்பான வெப்சைட் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஒரு சான்றிதழ் உண்டு. நம் மெஷின் பழைய தேதியில் நின்றால், அந்தச் சான்றிதழ் செல்லாது என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறக்காது.

ஆகவே வெப்சைட் எல்லாம் மொத்தமாக மறுத்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

டிஸ்ப்ளே வராமல் பீப் பீப் என்று கத்தினால், "ரேமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்" என்பார்கள். இது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உண்மை. தங்க நிறக் கால்களில் படிந்த அழுக்கு போனால் தொடர்பு சரியாகும். சொல்லப்போனால், கழற்றித் திரும்ப மாட்டுவதிலேயே பாதி வேலை முடியும். மெயின் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் மின்சாரத்தை இறக்கிவிட்டு, மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழக் கூடாது.

6. 931-ம் 1000-மும்

1 டி.பி. டிஸ்க் வாங்கினால் 931 ஜி.பி. மட்டும் காட்டும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் கணக்கில் 1 டி.பி. என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் ஒரு ஜி.பி.யை 1024 பெருக்கல் 1024 பெருக்கல் 1024 என்று எண்ணுகிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும். இது ஏமாற்று இல்லை.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு 1 டி.பி. பென்டிரைவ் என்று விற்பார்கள். கம்ப்யூட்டரில் செருகினால் கிட்டத்தட்ட அதே அளவும் காட்டும். உள்ளே இருப்பதோ சில ஜி.பி. மெமரி, அளவைப் பொய் சொல்லும்படி கண்ட்ரோலர் மாற்றப்பட்டிருக்கும். உண்மை அளவு தாண்டியதும் ஃபைல் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. புது பென்டிரைவ் வாங்கினால் அதை முழுக்க நிரப்பி, திரும்பக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். அதுவரை புராஜெக்ட் ரிப்போர்ட்டின் ஒரே பிரதியை அதில் வைக்காதீர்கள்.

7. "விண்டோஸ் 10 மெஷின் இனி குப்பைதான்"

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் முடிந்தன. அது உண்மை. "அந்த மெஷின் ஓடாது, வந்த விலைக்குத் தள்ளிடு" என்பது வதந்தி. அது ஓடும், புதிய ஓட்டைகள் அடைபடாது என்பதுதான் ஆபத்து. அப்படியே வைத்து அதில் பேங்க் வேலை செய்வது புத்திசாலித்தனம் இல்லை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். பயாஸில் அது அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் ஏற்காத பழைய மெஷினில் லினக்ஸ் போடலாம். காசு கேட்காது.

முடிவாக...

நண்பர்களே, எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டியவன் நான்தான் முதல். அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறார். ஒரு பார்ட் வாங்கணும் என்றால் "நல்லா விசாரிச்சியாப்பா?" என்று மட்டும்தான் அவருக்குக் கேட்கத் தெரியும். யாரிடம் விசாரிப்பது? நம்மில் பலர் வீட்டில் நிலைமை இதுதான். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவனுக்கு வதந்திதான் வாத்தியார். அந்த வாத்தியார் ஃபீஸை நம் அப்பா அம்மாவின் கூலியிலிருந்து வாங்கிக்கொள்வார்.

இப்போது நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. தெருவில் ஒரு கம்ப்யூட்டர் நின்றால் "டிப்ளமோ படிக்கிற பையனைக் கேளு", "அந்தப் பொண்ணைக் கேளு" என்று நம்மைத்தான் தேடுகிறார்கள். நாம் வாயில் வந்ததைச் சொன்னால் அது இன்னொரு வீட்டின் செலவு. "தெரியலக்கா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது மல்டிமீட்டர் வருவதற்கு முன்னால். நமக்கு மல்டிமீட்டரும் இருக்கிறது, டாஸ்க் மேனேஜரும் இருக்கிறது. விசாரித்துவிட்டுச் சொல்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு