எண்ணெய் வித்தும் எரிபொருளும்

1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு ஓட்டிக் காட்டப்பட்டது. ஆகவே, தாவர எண்ணெயை எரிபொருளாக்கும் எண்ணம் புதியதன்று. ஆயினும் எண்ணெயை அப்படியே ஊற்றினால் எஞ்சினுக்கு ஒவ்வாது. அது டீசலைவிடக் கெட்டியானதாகையால் சரிவர எரியாமல் கரி படியும்.

இக்குறையைப் போக்க இரு வழிகள் உண்டு. முதலாவது, எண்ணெயுடன் மெதனால் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்துவிடுவது. எஞ்சுவது பயோடீசல். இரண்டாவது, மிகுந்த உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் எண்ணெயை ஹைட்ரஜன் வாயுவுடன் சேர்ப்பது. எண்ணெயிலுள்ள பிராணவாயு நீராகவும் கரியமில வாயுவாகவும் நீங்கி, பெட்ரோலிய டீசலையே ஒத்த பொருள் கிடைக்கும். இதனை மேலும் பக்குவப்படுத்தினால், உயரே நிலவும் கடுங்குளிரிலும் உறையாத விமான எரிபொருளாகும். இதற்குப் பெரிய ஆலை வேண்டும். கிராமத்துச் செக்கில் இயலாது.

டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளைக் கலந்து, 2018 ஆகஸ்டு 27-ஆம் தேதி ஒரு விமானம் டேராடூனிலிருந்து டில்லிக்குப் பறந்தது.

ஆராய்ச்சி வெற்றி பெற்றது. ஆனால் குடியானவர்களின் அனுபவம் வேறு. அதற்கு முந்திய ஆண்டுகளில், தரிசு நிலத்தில் நீரின்றியே பலன் தரும் என்று நம்பித் தமிழ்நாட்டில் பலர் காட்டாமணக்குப் பயிரிட்டனர். நீரின்றிச் செடி பிழைத்தது, விளைச்சல் போதவில்லை. பிண்ணாக்கும் நச்சுடையதாதலால் மாட்டுக்கு ஆகவில்லை. பலர் செடிகளைப் பிடுங்கி எறிந்தனர்.

இதிலிருந்து பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிய வேண்டியவை மூன்று:

1. உணவுப் பயிர் விளையும் நிலத்தை எரிபொருள் வித்துக்கு மாற்றலாகாது.

2. வித்தை யார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகள் வாங்குவார் என்பதை எழுத்து மூலம் பெறாமல் எவரும் பயிரிடலாகாது. கன்று விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

3. பொது நிலத்திலும் ஏரிக்கரையிலும் மரம் வைப்பதாயின், புங்கனைப் போல் வேறு பயனும் உள்ளதைத் தேர்ந்தெடுத்தல் நலம். புங்க எண்ணெயை எரிபொருளாக்கலாம், வாங்குவார் இல்லாவிடினும், பிண்ணாக்கு வயலுக்கு நல்ல எருவாகும், நிழலும் கிடைக்கும்.

கடைகளில் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயும் இத்தொழிலுக்கு உரிய மூலப்பொருளே. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடலுக்குக் கேடு. அதனைச் சேகரித்து எரிபொருளாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. சாக்கடையில் ஊற்றாமல் அதனைத் தனியே சேர்த்து வைக்கும்படி கடைக்காரர்களுக்கு எடுத்துக் கூறுவது, ஒரு காணி நிலமும் செலவழியாமல் பஞ்சாயத்து இன்றே தொடங்கக்கூடிய பணியாகும்.