சிறிய தண்டம், தவறாத தண்டம்

மன்னார் தீவின் வடகரைக் கிராமமொன்றில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கச் செயலாளராகப் பல வருடங்கள் இருந்தேன். அடுத்தவன் வலைக்கு மேலே வலை விட்டது, இயந்திரப் படகு ஏறி வலையை வெட்டியது, கரைவலைப் பாட்டில் முறை மாறி இறங்கியது, கூட்டத்தில் தூஷணம் பேசியது என்று சங்கத்துக்கு வருகிற வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பொலிஸுக்குப் போனால் இழுபடும். கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டு குடும்பங்கள் முகம் பாராமல் போகும். புதிதாக நிர்வாகத்துக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணன், எவ்வளவு தண்டம் போடலாம்?" தொகையைப் பற்றி யோசிக்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதல் வேலை, விதியைக் கடலில் அளந்து பார்க்கக் கூடியதாக எழுதுவது. 'மற்றவர் தொழிலுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது' என்று எழுதினால் ஒவ்வொருவனும் தனக்குச் சாதகமாகப் பொருள் சொல்வான். மற்றவனின் மிதப்புக்கு இத்தனை பாகம் தள்ளித்தான் நண்டு வலை விட வேண்டும் என்று எழுதினால் வாதத்துக்கு இடமில்லை. எங்கள் பக்கம் சோளகக் காலத்தில் ஒரு கரை, வாடைக் காலத்தில் மறு கரை என்று தொழில் மாறும். வாடிகளைப் பெயர்க்கு முன்னர் ஒரு கூட்டம் வைத்து விதிகளை உரக்க வாசித்துவிட வேண்டும். எனக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. தெரியாதவனுக்குத் தண்டம் போடும் சங்கத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கூட்டத்தை நடத்துவதுதான் கஷ்டமான வேலை. எங்கள் கூட்டம் ஞாயிறு பூசை முடிந்த பிறகு நடக்கும். குடித்துவிட்டு வருபவரை வாசலிலேயே தோளில் கை போட்டு, "அடுத்த கிழமை வாங்க, உங்கட விஷயத்தை அப்போது எடுப்போம்" என்று அனுப்பிவிடுவோம். உள்ளே வந்தவர் எழுந்து நின்று தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தத் தொடங்கினால் அந்தக் கூட்டம் அத்துடன் முடிந்தது. "என்னைப் பார்த்துக் கதை தம்பி, அவனைப் பார்க்காதே" என்று எங்கள் தலைவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஒரு சொல் பல அடிபிடிகளைத் தடுத்திருக்கிறது.

செயலைப் பற்றிப் பேசலாம், பிறப்பைப் பற்றிப் பேசக் கூடாது. வீட்டுப் பெண்களை இழுக்கக் கூடாது. 'போன வருஷம் உன் தம்பி செய்தது' என்று பழைய கணக்கைத் திறக்கவும் விடக் கூடாது. மீறினால் ஒருமுறை பெயர் சொல்லி எச்சரிக்கை. மறுபடி மீறினால் வெளியே போய் மரத்தடியில் நின்று ஆறிவிட்டு வர வேண்டும். தலைவரின் மைத்துனன் என்றாலும் அதேதான்.

இன்னொன்றை நான் மிகவும் வலியுறுத்துவேன். விசாரித்த அன்றே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரு ஞாயிறு இரு தரப்பையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், முடிவை அடுத்த ஞாயிறு சொல்லுங்கள். சூட்டோடு சொல்கிற தண்டம் எப்போதும் கூடிப் போகும். கூடிய தண்டத்தைப் பிறகு குறைக்க வேண்டி வரும். குறைத்தால் அடுத்தவன் தனக்கும் குறைக்கச் சொல்வான்.

மொட்டைக் கடிதங்கள் வரும். கூட்டத்தில் வாசிக்காதீர்கள். பெயர் போட்டு வந்து சொல்பவனின் முறைப்பாட்டை மட்டும் எடுங்கள். டைனமைட் என்று எழுதியிருந்தால் மாத்திரம் கடற்றொழில் பரிசோதகருக்குத் தெரிவியுங்கள். 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டப்படி வெடிமருந்தால் மீன் பிடிப்பது குற்றம், அது சங்கம் பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை.

தண்டமும் இழப்பீடும் வேறு வேறு என்பதை ஒரு வழக்கில்தான் நாங்கள் எல்லோரும் விளங்கிக்கொண்டோம். ஒரு பொடியன் இரவில் வேகமாக வந்து வயதானவர் ஒருவரின் திருக்கை வலையை வெட்டிவிட்டான். நிர்வாகம் தண்டத் தொகையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெரியவர் எழுந்து, "தண்டம் சங்கத்துக்குப் போகும். என்ர வலை?" என்று கேட்டார். யாரிடமும் பதிலில்லை. அதன் பிறகு எங்கள் முறை மாறியது. வலை தெரிந்த இருவர் போய்ச் சேதத்தைப் பார்ப்பார்கள், வெட்டியவன் நூல் வாங்கிக் கொடுத்து, வலை பொத்தும் வேலையிலும் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் சங்கத்தின் தண்டம், அதுவும் சிறிதாக. அந்தப் பொடியன் பெரியவரின் வாடியில் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பொத்தினான். ஒரு வலைக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று பணம் கட்டிவிட்டுப் போயிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது.

தண்டனைக்குப் படி வேண்டும். முதல் தடவை இருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வது, இரண்டாவது கூட்டத்தில் எச்சரிக்கை, பிறகு சிறு தொகை, அதன் பிறகு குறித்த காலத்துக்கு வாக்குரிமை நிறுத்தம். உலகெங்கும் பொதுவளங்களை மக்களே காக்கும் முறைகளை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரமும், நீடித்து நிற்கும் அமைப்புகளில் தண்டனை படிப்படியாகத்தான் ஏறுகிறது என்று 1990இல் எழுதிய நூலில் காட்டினார். அதே நூலில் அவர் தோல்விக்கு உதாரணமாக எடுத்தது எங்கள் நாட்டுத் தென்கரையின் மாவெல்லக் கரைவலைத் தொழிலை. வலைகளின் எண்ணிக்கைக்கு விதி இருந்தும் செல்வாக்குள்ளவர்கள் வலைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். விதி ஏட்டில் கிடந்தது.

ஊரை விட்டுத் தள்ளிவைப்பது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது என்பது போன்ற தண்டனைகளுக்கு நான் ஒருபோதும் கையெழுத்து வைக்கவில்லை. தள்ளிவைக்கப்பட்டவனுக்கு இழக்க ஒன்றுமில்லை, அவன் இரவில் வந்து வலை வெட்டுவான். அடுப்பிலும் கை வைக்கக் கூடாது. 2022இல் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறி, கடலுக்குப் போவதே கேள்வியாக இருந்த நேரம், தண்டம் கட்டாதவர்களின் பெயரை எண்ணெய்ப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் எதிர்த்துப் பேசினேன். அவன் செய்த பிழைக்கு அவன் பிள்ளைகள் பட்டினி கிடக்கலாமா? தண்டம் கட்டி முடித்தவனின் பதிவை ஒரு வருடத்தில் மூடிவிட வேண்டும் என்பதும் எங்கள் விதி. அதற்குப் பிறகு கூட்டத்தில் அதை எடுத்துச் சொல்பவனுக்குத்தான் எச்சரிக்கை.

சொந்தக்காரன் வழக்கு வந்தால் நிர்வாக உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும், கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்க வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்தலில் சேர்க்கக் கூடாது என்கின்றன.

வெளியூர்க்காரருக்கு ஒரு நீதி, ஊர்க்காரனுக்கு ஒரு நீதி என்றால் எல்லாம் கெட்டுவிடும். பருவத்துக்கு வருகிற நீர்கொழும்புத் தொழிலாளர்களுக்கு விதிகளைச் சிங்களத்தில் எழுதிக் கொடுங்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலிக் கரையிலிருந்தும் போனவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் முகாம்களில் கிடந்தார்கள். அவர்கள் திரும்பி வருகிறபோது, "இவ்வளவு வருஷம் தொழில் செய்யாதவனுக்குப் பாடு எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. துரத்தப்பட்ட வருடங்களைத் தொழிலைக் கைவிட்ட வருடங்களாக எண்ணுவது, செய்யாத குற்றத்துக்கு இரண்டாம் தண்டனை. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எந்த வழக்கானாலும் சங்கத்தால் முடியாவிட்டால், சங்கங்கள் சேர்ந்த சமாசத்துக்கோ, 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்கோ கொண்டுபோகலாம். மத்தியஸ்த சபையில் சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, நம் ஆட்கள் தங்கள் வாயாலேயே பேசலாம்.

எங்கள் முறை இன்னும் எட்டாத இடம் இந்திய இழுவைப்படகுகள். எங்கள் நாடாளுமன்றம் 2017இல் இழுவைமடியைத் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தைக் கோடிக் கணக்கில் உயர்த்தியது. படகுகள் நிற்கவில்லை. பிடிபடுவது சில, வருவது பல என்றால் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தும் பயமில்லை. பிடிபட்ட அந்தச் சில படகுகளில் கூலிக்கு வந்த ஏழைதான் சிறையில் இருக்கிறான். 2010 ஆகஸ்டில் தமிழக மீனவப் பிரதிநிதிகள் எங்கள் கரைக்கு வந்து நேரில் பார்த்து, ஒரு வருடத்துக்குள் இழுவைமடியை நிறுத்துவதாக இணங்கினார்கள். அதை இரண்டு அரசுகளும் ஏற்று நடத்தவில்லை, மீறினால் என்ன என்பதற்கும் வழி இருக்கவில்லை.

தமிழக மீனவர்களுடன் அடுத்த பேச்சுக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பெரிய தொகை கேட்காதீர்கள். இரு கரைச் சங்கங்களும் சேர்ந்த குழு ஒன்றைக் கேளுங்கள். படகின் இலக்கத்தை நாங்கள் கொடுத்தால், அந்தப் படகை அதன் சொந்தத் துறைமுகத்துச் சங்கமே அடுத்த தொழில் நாளில் இறங்காமல் நிறுத்த வேண்டும். முடியாது என்று அவர்கள் சொல்ல வேண்டாம். இழுவைப்படகுக்குத் திங்கள், புதன், சனி, நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்ற முறையைப் பல பத்தாண்டுகளாக இராமேஸ்வரத்தில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். அந்த மூன்று இரவுகளிலும் எங்கள் ஆக்கள் வலையைக் காப்பாற்றக் கரையில் இருந்துவிடுகிறார்கள். தங்களுக்குள் நாள் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு படகை ஒரு நாள் நிறுத்தவும் முடியும்.