ஸெனான் விளக்கும் ஒளிக்கிண்ணமும்

கிளேபாங் கடற்கரைச் சாலையில் குடியிருந்துகொண்டு, இரவில் மலாக்கா நகரத்தோடு பிரயாணத்தை முடித்துக்கொள்கிறவர்களுக்குக் காரின் முன்விளக்கைப் பற்றிய கவலை அதிகம் இராது. தேங்காய் ஷேக் கடைகளின் வெளிச்சமே அவர்களுக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். ஆனால் உற்றார் உறவினரெல்லாம் இன்னமும் அலோர் காஜா, காடேக், டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்களிலேயே இருக்க, கலியாணம், கருமாதி, கோயில் திருவிழா என்று எதற்கும் மாலையில் புறப்பட்டு நள்ளிரவில் வீடு திரும்பவேண்டிய என் போன்றவர்களுக்கு, இருபுறமும் செம்பனை அடர்ந்து வானத்தையே மறைத்துவிடும் அந்தச் சாலைகளில், பழைய ஹாலஜன் விளக்கு போதாது என்ற எண்ணம் உண்டாவது இயற்கையே. ஆகவே அதிகப் பிரகாசத்தை நான் நாடியது தவறென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தவறெல்லாம் அந்தப் பிரகாசத்தை எனக்கு விற்ற விதத்தில்தான் இருந்தது.

என் கார் முதல் தலைமுறை மைவி. எச்4 என்னும் பல்பு அதற்கு உரியது. கார் அலங்காரச் சாமான் விற்கும் ஒரு கடையில், கூட்டத்தினிடையே என்னை நிறுத்தி, ஸெனான் பல்பைக் காட்டி, "இதைப் போட்டா ராத்திரியே பகலாயிரும்ணே" என்று கடை இளைஞர் ஒருவர் சொன்னபோது, அவர் எடுத்துக்காட்டிய கணக்குகளில் பொய் ஒன்றும் இல்லை. 55 வாட் எடுக்கும் எச்4 பல்பு தாழ்ந்த வெளிச்சத்தில் தருவது சுமார் 1,000 லூமன். 35 வாட் மட்டுமே எடுக்கும் ஸெனான் பல்பு தருவதோ 3,200 லூமன். 1991ஆம் ஆண்டிலேயே பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் 7ஆம் வரிசைக் காரில் இதைப் பொருத்திவிட்டது என்பதும் வாஸ்தவமே. ஆனால் அந்த நிறுவனம் பல்பை மட்டும் மாற்றவில்லை, அதைச் சுற்றியிருந்து ஒளியைச் சாலைக்குத் திருப்பும் ஒளிக்கிண்ணத்தையும் அதற்கென்றே புதிதாகச் செய்தது என்ற ஒரு விஷயத்தைக் கடைக்காரர் வாய்திறந்து சொல்லவே இல்லை. 4,300 கெல்வின் வெண்ணிறம் கேட்ட என்னிடம், "ஆறாயிரம்தான் அழகு, எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க" என்று வற்புறுத்தி நீலம் பாய்ந்த பல்பைத் தலையில் கட்டினார்கள். பழைய பல்பைக் கழற்றியது, ஸெனானுக்கு மின்சாரம் ஊட்டும் பல்லாஸ்ட் பெட்டியைத் திருகியது, ஒயர் இழுத்தது ஆகியவற்றை விஸ்தரிக்கத் தேவையில்லை. எந்தப் பட்டறையிலும் ஒரு பிற்பகலுக்குள் முடியக்கூடிய வேலை அது.

ஆரம்பத்தில் எனக்குத் திருப்தியாகவே இருந்தது. காரின் மூக்குக்கு முன்னால் தார்ச்சாலை வெள்ளையடித்ததுபோல் தெரிந்தது. எதிரே வந்த லோரிகள் மாறி மாறி விளக்கை அடித்துக் காட்டியபோது, நான் உயர்ந்த வெளிச்சத்தில் போவதாக எண்ணுகிறார்கள் என்றே கருதினேன். மாசி மகத்தன்று இரவு, செங் சன்னாசிமலைக் கோயிலில் சுவாமி தரிசனம் முடிந்து வண்டியை வெளியே எடுத்தபோது, சாலையோரமாகக் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்துகொண்டிருந்த ஜனங்கள் வரிசையாகக் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டதைப் பார்த்தபிறகுதான் மனத்தில் உறுத்தல் ஏற்பட்டது.

பிறகு ஒரு மழை இரவில், டுரியான் துங்காலுக்கு அப்பால், மோட்டார் சைக்கிளில் எதிரே வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் தடுமாறிச் சாலையை விட்டிறங்கி, லாலான் புல்லுக்குள் வண்டியோடு சாய்ந்துவிட்டார். இறங்கி ஓடித் தூக்கினேன். தெய்வாதீனமாக அடி பலமில்லை. மழைச் சட்டையிலிருந்து நீர் சொட்ட நின்ற அவர், கோபமில்லாமல், "லைட்டு மூஞ்சிலேயே அடிக்குதுப்பா. ரோடு எது, காவா எதுன்னு ஒண்ணும் தெரியல" என்றார்.

வீடு வந்ததும் காரை மதிலுக்கு நேரே நிறுத்தி, ஒரு பக்க விளக்கில் பழைய ஹாலஜன் பல்பைத் திரும்பப் போட்டு, மறுபக்கத்தில் ஸெனானை அப்படியே விட்டு, இரண்டையும் ஒருசேர எரியவைத்துப் பார்த்தேன். ஹாலஜன் பக்கத்தில் வெளிச்சம் ஒரு கோட்டோடு நின்றது: வலப்பாதி மட்டமாகவும், இடப்பாதி சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தும் இருந்த அந்தக் கோட்டுக்கு மேலே மதில் இருண்டிருந்தது. இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில், எதிரே வருகிறவனுடைய கண்ணைக் காக்க வலப்பக்கம் தாழ்ந்தும், ஓரத்தில் நடப்பவனைக் காட்ட இடப்பக்கம் உயர்ந்தும் இருக்கவேண்டும் என்பதற்காகவே கிண்ணத்தை அப்படிச் செய்திருக்கிறார்கள். ஸெனான் பக்கத்திலோ கோடு என்று ஒன்றே இல்லை. மதிலின் உச்சியும் தாண்டி அண்டை வீட்டு மாமரத்தின் இலைகள் வரை நீல வெளிச்சம் சிதறிக் கிடந்தது.

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், தாழ்ந்த வெளிச்சத்துக்குரிய இழையின் அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணி தெரியும். ஒளியைக் கீழே போகவிடாமல் தடுத்து, ஒளிக்கிண்ணத்தின் மேற்பாதிக்கு மட்டும் அனுப்பி, அங்கிருந்து சாலைமேல் இறங்கச் செய்வது அதுதான். ஸெனான் பல்பில் இழையே கிடையாது; இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அடியில் பற்றிக்கொண்டு, இரு முனைகளுக்கிடையே மேல்நோக்கி வளைந்து நிற்கும் ஒரு மின்வில் அது. அதன் பிரகாசம் நடுவில் அல்ல, முனைகளில் அதிகம். நேரான இழைக்கென்று கணக்கிட்டு வார்த்த கிண்ணத்துக்குள் இந்த வளைந்த வில்லை வைத்தால், ஒளி போகவேண்டிய இடத்தை விட்டுப் போகக்கூடாத இடமெல்லாம் போகிறது. இன்னொன்றும் உண்டு. காருக்கு மிக அருகே தரை அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் ஓட்டுகிறவனுடைய கண்மணி சுருங்கிவிடும்; தூரத்து இருட்டில் நிற்கும் ஆளோ மாடோ முன்னைவிடக் குறைவாகவே தெரியும். மூன்று மடங்கு வெளிச்சம் வாங்கியும் எனக்குத் தூரத்துச் சாலை தெரியாமற்போன காரணம் இதுவே. மழை பெய்தால் ஈரத் தார் அந்த நீல ஒளியை எதிரே வருகிறவர் முகத்தில் பிரதிபலித்துவிடும்.

இந்த முயற்சியில் என் பணத்தையும் நிம்மதியையும் அதிகமாக விழுங்கியது, கிண்ணத்தைப் பாராமல் பல்பை மாற்றிய அந்த ஒரு காரியம்தான். மற்றவையெல்லாம் அற்பம். ஐ.நா. வாகன விதிகள் 2,000 லூமனுக்கு மேற்பட்ட பல்பு உள்ள விளக்குக்குத் தானே மட்டம் திருத்திக்கொள்ளும் அமைப்பும், கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டுமென்று விதித்திருப்பது வீண் சம்பிரதாயம் அன்று. தோட்டத்திலிருந்து திரும்பும்போது பின்பெட்டியில் தேங்காயும் பலாவும் ஏற்றினாலே காரின் மூக்கு மேலெழும்புகிறதே! நமது நாட்டிலும் 1959ஆம் ஆண்டு வாகன அமைப்பு விதிகளை வைத்தே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே இத்தகைய மாற்றங்களைப் பிடிக்கிறது. காரைப் பெயர் மாற்றப் புஸ்பாகோம் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனாலும் சட்டத்துக்குப் புறம்பான மாற்றங்கள் உண்டா என்று பார்ப்பார்கள்.

நண்பர்கள் சிலர் பழைய கார் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் புரொஜெக்டர் என்னும் லென்ஸ் விளக்கை வாங்கி உள்ளே வைத்துவிடலாம் என்றார்கள். விளக்கைப் பிளந்து ஒட்டும் அந்த வேலையில் கோடு சரியாக விழக்கூடும். ஆனால் மட்டம் திருத்தும் அமைப்பும் அங்கீகாரமும் அதோடு கூட வருவதில்லை. ஆதலால் நான் ஹாலஜனுக்கே திரும்பினேன். கோழைத்தனம் என்று என்னைப் பேசியவர்கள் இப்போது என் காரில் இரவில் ஏறிப் பார்க்கட்டும்.

செய்தவை இவ்வளவே. மஞ்சளித்திருந்த விளக்கின் மேல்மூடியை, நீரில் நனைத்த உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, வெயில் தாங்கும் பூச்சுக் கொடுத்தேன். பாட்டரியிலிருந்து தடித்த ஒயரும் ரிலேயும் வைத்து விளக்குக்கு நேரே மின்சாரம் கொண்டுபோனேன். இதில்தான் பெரும்பயன் கிட்டியது: 13.2 வோல்ட்டில் முழு ஒளி தரும் ஹாலஜன் பல்பு, மெல்லிய பழைய ஒயர் வழியாக 12 வோல்ட் மட்டுமே பெற்றால், ஒளியில் கால்பங்குக்குமேல் இழந்துவிடுகிறது. கடைசியாகச் சமதரையில் மதிலுக்குப் பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, கோடு விளக்கின் மையத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகைத் திருத்தினேன். காடேக் சாலையில் இடப்புற ஓரம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எதிரே வருகிறவர்கள் யாரும் விளக்கடிப்பதில்லை.

ஸெனானோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த கார் உங்களிடம் இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். ஹாலஜன் கார் இருந்து, யாராவது ஸெனான் பெட்டியை நீட்டினால், லூமனையும் கெல்வினையும் கேட்பதற்கு முன்பு, உங்கள் காரின் ஒளிக்கிண்ணம் எந்தப் பல்புக்காகச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.