சீனியை எடுத்தாயிற்று, மாவை என்ன செய்வது?
நீரிழிவு உள்ளவர்களுக்கான வீட்டு இனிப்புகள்



தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, கோயில் திருவிழா என்று ஆண்டு முழுவதும் நமக்கு இனிப்புக்குக் குறைவில்லை. மனோர் பார்க் சேர்ச் ரோட் முருகன் கோயிலுக்குப் போனால் பிரசாதம். ஹை ஸ்ட்ரீட் நோர்த் பக்கம் போனால் கடை நிறைய லட்டும் ஜிலேபியும். அதே வேளை, லண்டனில் நீரிழிவு மிகுந்த பகுதிகளில் நமது நியூஹாமும் ஒன்று என்பதை மறந்துவிட முடியாது.

"எனக்கு வருத்தம் இருக்குது, சீனி போடாமல் செய்தேன்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கிண்ணம் பாயாசம் குடிப்பவர்கள் நம்மிடையே பலர். சீனியைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் அது பாதி வேலை மட்டுமே. மீதிப் பாதி அரிசியிலும் மாவிலும் இருக்கிறது.

மாச்சத்து என்றால் என்ன?

அரிசி, கோதுமை, ரவை, சேமியா, சவ்வரிசி, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் உள்ள மாச்சத்து, சமிபாடு அடைந்ததும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள சவுத்போர்ட் நகரில் குடும்ப வைத்தியராகப் பணியாற்றிய டேவிட் அன்வின், இதை நோயாளருக்கு விளக்க ஒரு எளிய அட்டவணை தயாரித்தார். அதன்படி 150 கிராம் பாஸ்மதிச் சோறு இரத்தச் சீனியை உயர்த்தும் அளவு, ஏறக்குறைய 10 தேக்கரண்டி சீனிக்குச் சமம்.

இப்போது நமது இனிப்புகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சேமியாப் பாயாசம், ஒரு கிண்ணம்: சேமியா 15 கிராம், சீனி 20 கிராம், பால் 100 மி.லீ. மாச்சத்து சுமார் 36 கிராம். சீனியே போடாவிட்டாலும் 16 கிராம் மிஞ்சும்.

சர்க்கரைப் பொங்கல், ஒரு தட்டு: அரிசி 40 கிராம், வெல்லம் 40 கிராம், கொஞ்சம் பயறு. மாச்சத்து 70 கிராமைத் தாண்டும். வெல்லத்தை முழுவதும் எடுத்தாலும் 35 கிராமுக்கு மேல் இருக்கும்.

பிரித்தானியாவில் நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாச்சத்து உண்பதையே பொதுவாகக் 'குறைந்த மாச்சத்து உணவு' என்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு தட்டுப் பொங்கல் பாதி நாளைக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

பனங்கட்டி, தேன், குரக்கன்

பனங்கட்டியும் கருப்பட்டியும் தேனும் 'இயற்கையானவை' என்பதால் நீரிழிவுக்குத் தீங்கில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அவற்றிலும் பெரும்பகுதி சீனிதான். குரக்கனிலும் சிவப்பரிசியிலும் நார்ச்சத்து கூடுதலாக உண்டு. ஆனால் அவற்றின் மாவிலும் பெரும்பகுதி மாச்சத்தே. வகையை மாற்றினால் மட்டும் போதாது, அளவையும் குறைக்க வேண்டும்.

நம்மவருக்கு இது பொருந்துமா?

பொருந்தும். இந்தியா முழுவதும் 18,090 பேரிடம் எடுத்த உணவுத் தகவல்களைக் கொண்டு சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர். எம். அஞ்சனா, டாக்டர் வி. மோகன் ஆகியோரின் குழுவினர் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புதிதாக நீரிழிவு கண்டவர்கள் மாச்சத்திலிருந்து பெறும் சக்தியை மொத்தத்தில் 49 முதல் 54 சதவீதமாகக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் நோய் தணிய வாய்ப்பு உண்டு என்று அது கணித்தது. சோற்றை அறவே விடச் சொல்லவில்லை. தட்டில் சோறு ஒரு கைப்பிடியாகவும், கீரை, வறை, மீன், முட்டை, பருப்பு மிகுதியாகவும் இருந்தாலே நல்ல தொடக்கம்.

கவனம்: முதலில் மருந்து

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள்.

1. இன்சுலின் அல்லது கிளிக்லசைட் எடுப்பவர்கள் மாச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை முதலில் மாற்ற வேண்டியிருக்கும்.

2. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு, மாச்சத்தை மிகவும் குறைத்தால் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை வரலாம்.

3. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளர்கள் தாமாக இம்முறையைத் தொடங்கக் கூடாது.

உணவை மாற்றும் முன் உங்கள் ஜீ.பீ.யிடமோ நீரிழிவுத் தாதியிடமோ பேசுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

செய்முறை 1: வட்டிலப்பம்

நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம் வீடுகளில் செய்து நமக்கும் கொடுக்கும் இந்த இனிப்பில் மாவே கிடையாது. முட்டையும் தேங்காய்ப்பாலுமே அதைக் கட்டியாக்குகின்றன. ஆகவே வெல்லத்தை மாற்றினாலே போதும்.

தேவையானவை (6 சிறு கிண்ணங்களுக்கு): முட்டை 4, கட்டித் தேங்காய்ப்பால் 300 மி.லீ., கித்துள் பாணி 1 மேசைக்கரண்டி (மணத்துக்கு மட்டும்), 8 மேசைக்கரண்டி சீனிக்கு ஈடான திரவ இனிப்பூட்டி, ஏலக்காய், சாதிக்காய், கஜு 15 கிராம்.

முட்டையை நுரை வராமல் கலக்கி, மற்றவற்றைச் சேர்த்து வடிகட்டுங்கள். கிண்ணங்களில் ஊற்றிக் கஜு தூவி, ஃபொயில் தாளால் மூடி, மெல்லிய தீயில் 20 முதல் 25 நிமிடம் அவியுங்கள். நிறம் சற்று வெளிறியிருக்கும்; மணம் குறையாது.

ஒரு கிண்ணத்தில் மாச்சத்து சுமார் 5 கிராம். வழக்கமான முறையில் வெல்லம் மட்டுமே 30 முதல் 40 கிராம் சேரும். ஆனால் தேங்காய்ப்பாலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். ஆகவே இது விசேட நாளுக்கு மட்டும், ஒரு கிண்ணம் மட்டும்.

செய்முறை 2: எள்ளுருண்டை

வறுத்த எள்ளு 100 கிராம், சீனி சேர்க்காத உலர்ந்த தேங்காய்த் துருவல் 50 கிராம், சிறிய பேரீச்சம்பழம் 3, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் எள்ளின் எண்ணெயே உருட்டப் போதும். 12 உருண்டைகள் வரும். ஒன்றில் மாச்சத்து 2 முதல் 3 கிராம்.

கடையில் வாங்கும்போது

பெட்டியில் 'சீனி சேர்க்கப்படவில்லை' என்றிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பின்புறம் 'கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் பாருங்கள். அதன் கீழுள்ள சீனி வரி ஒரு பகுதி மட்டுமே. சில இனிப்பூட்டித் தூள்களிலும் மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாச்சத்துக் கலந்திருக்கும். நீரிழிவாளருக்கென்றே விற்கும் இனிப்புகளை டயாபிட்டிஸ் யூகே அமைப்பும் பரிந்துரைப்பதில்லை.

இறுதியாக இரண்டு விடயங்கள்

இரத்தச் சீனி 4க்குக் கீழே இறங்கி நடுக்கமும் வியர்வையும் வந்தால், இனிப்பூட்டி போட்ட பண்டம் உதவாது. அப்போது உண்மையான சீனிதான் மருந்து: குளுக்கோஸ் மாத்திரை, அல்லது ஒரு சிறு குவளை பழச்சாறு. வீட்டில் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

சோதனைக் கருவி இருப்பவர்கள், இனிப்புச் சாப்பிடுமுன் ஒரு முறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பெரும்பாலோருக்கு இரண்டாவது அளவு 8.5க்குக் கீழே இருப்பது நல்லது. எந்த இனிப்பு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை உங்கள் விரல் நுனியே சொல்லிவிடும்.

பண்டிகையை விட வேண்டாம், கிண்ணத்தைச் சிறிதாக்குங்கள். வாழ்க நலமுடன்.